மகள் பயிற்சிக்குப் போக வேண்டுமாம்



ஒரே கேள்வி பல கையெழுத்துக்களில் வந்து சேருமானால் அதனை ஒரு வீட்டின் கேள்வியாக எண்ணாமல் ஊரின் கேள்வியாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். அண்மையில் தாய்மார் பலர் கேட்டிருப்பதன் சாரம் இதுதான்: மகள் கெம்பஸில் மூன்றாம் வருடத்தை முடிக்கிறாள். இனி ஆறு மாதம் ஏதாவதொரு நிறுவனத்தில் ட்ரெயினிங் செய்ய வேண்டுமாம். இடத்தையும் அவளே தேடி விண்ணப்பிக்க வேண்டுமாம். வாப்பாவுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. படித்தது போதும், பட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டும் என்கிறார். மகள் அழுகிறாள். நடுவில் நிற்கும் உம்மா என்ன செய்வது?

இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

முதலில், பயிற்சி என்றால் என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். நமது வீடுகளில் ஒரு பிள்ளை வைத்திய பீடத்திலே படித்து முடித்தால், அவள் உடனே டொக்டராகிவிடுவதில்லை. அரசாங்க வைத்தியசாலையொன்றில் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி வைத்தியராகக் கடமையாற்றிய பின்னரே இலங்கை மருத்துவச் சபையில் முழுமையான பதிவைப் பெறுகிறாள். அந்தப் பயிற்சி வேண்டாம் என்று எந்த வாப்பாவும் சொல்வதில்லை. சட்டக் கல்லூரியில் படித்தவர் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் பயிலுநராக இருந்த பின்னரே கறுப்புக் கோட்டு அணிகிறார். பட்டயக் கணக்காளராக வர விரும்புபவர் கணக்காய்வு நிறுவனமொன்றிலே வருடக்கணக்கில் பயில வேண்டும். பொறியியல் பீட மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைத்தளங்களுக்கும் அனுப்பிவைப்பதில், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபைக்கும் பங்குண்டு.

முகாமைத்துவம், தகவல் தொழில்நுட்பம், பிரயோக விஞ்ஞானம், விவசாயம் போன்ற துறைகளில் மகள் கேட்கும் ட்ரெயினிங்கும் இதே வகையைச் சேர்ந்ததுதான். இதைத்தான் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். வைத்தியருக்கு அது பட்டத்தின் பின்னால் வருகிறது. இவர்களுக்கோ பெரும்பாலும் பட்டத்தின் உள்ளேயே வருகிறது. அவ்வளவே வித்தியாசம்.

எனவே வீட்டில் வாக்குவாதம் தொடங்குமுன் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். பீடம் கொடுத்துள்ள மாணவர் கையேட்டை எடுத்துவரும்படி மகளிடம் சொல்லுங்கள். பயிற்சி கட்டாயமானதா, விருப்பத்துக்குரியதா? எத்தனை வாரம்? எந்த அரையாண்டில்? அதற்குப் புள்ளி உண்டா? இடத்தைப் பீடம் அங்கீகரிக்க வேண்டுமா? இவையெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். வாப்பாவையும் பக்கத்தில் அமர்த்தி வாசியுங்கள். கட்டாயமான பயிற்சியை விட்டுவிட்டால் பட்டமே கிடைக்காமற் போகலாம். "பட்டத்தை எடுத்துக்கொண்டு வரட்டும்" என்று சொல்லும் தகப்பனுக்கு, பயிற்சியும் அந்தப் பட்டத்தின் ஓர் அங்கம் என்பது பலவேளை தெரியாது. தெரிந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

விருப்பத்துக்குரியதாக இருந்தால்? அப்போதும் அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இன்று நம் நாட்டில் பல்கலைக்கழகம் செல்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்பிள்ளைகள். ஆனால் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். படித்த பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போயே ஆக வேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளைகளைப் பேணி வளர்க்கும் தாயின் பணியை மார்க்கம் எவ்வளவு உயர்த்தியிருக்கிறதென்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வேண்டும் என்று வரும் நாளில் முடியும் என்ற நிலையில் மகள் இருக்க வேண்டுமல்லவா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஒருவரின் உழைப்பை மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் கண்ணாற் கண்டோம். கணவன் நோயில் விழுந்தால், அல்லாஹ் காப்பாற்றட்டும், இல்லாமலே போனால், சான்றிதழை மட்டும் பெட்டிக்குள் வைத்திருப்பவளுக்கும் ஆறு மாதமாவது ஓர் அலுவலகத்தின் நடைமுறையை அறிந்தவளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அன்றைக்குத் தெரியும்.

கேட்பது குறைவா?

வேலை கேட்டு ஊரெல்லாம் கடிதம் அனுப்புவதா, அது நம் குடும்பத்துக்குக் குறைவல்லவா என்று சிலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் பிழையானது.

ஸூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்த்துறைக்கு வந்து சேர்ந்த வரலாறு சொல்லப்படுகிறது. அங்கே இரு பெண்கள் தமது ஆடுகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். தகப்பனார் முதியவர் என்பதால் அந்த வேலைக்கு அவர்களே வந்திருந்தார்கள். இடையர்கள் போகும்வரை காத்திருந்தார்கள். வெளியே வந்து வேலை செய்தார்கள், வெட்கத்தையும் விட்டுவிடவில்லை. பின்னர் அவர்களில் ஒருவரே, இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று தகப்பனாரிடம் சொல்கிறார். அதற்கு அவர் காட்டிய தகைமைகள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை. மூஸா (அலை) அவர்கள் எட்டு வருடம், விரும்பினால் பத்து வருடம் என்ற உடன்பாட்டோடு அங்கே கூலிக்கு வேலை செய்தார்கள். பின்னாளில் ஒரு சமுதாயத்தையே வழிநடத்திச் சென்ற நபி அவர்கள்.

ஸூரா யூஸுஃபைப் பாருங்கள். நாட்டின் களஞ்சியங்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி யூஸுஃப் (அலை) அவர்கள் மன்னரிடம் கேட்கிறார்கள். தாம் பேணிக் காக்கக் கூடியவர், அதுபற்றிய அறிவுடையவர் என்பதையும் எடுத்துச் சொல்கிறார்கள். தகுதியுள்ளவர், நன்மையான நோக்கத்துக்காகத் தம் தகுதியை உள்ளபடி சொல்வது பெருமையடிப்பதாகாது என்று உலமாக்கள் இதிலிருந்து விளக்கம் தருகிறார்கள். ஸூரத்துல் கஹ்ஃபிலே, தமக்குத் தெரியாத அறிவைக் கற்றுக்கொள்வதற்காக மூஸா (அலை) அவர்கள் கிள்ர் (அலை) அவர்களிடம் அனுமதி கேட்டுப் பின்தொடர்ந்த வரலாறும் இருக்கிறது. கற்றுத் தாருங்கள் என்று பணிவோடு கேட்பது நபிமார் காட்டிய வழி. அதிலே குறைவேதும் இல்லை.

ஆகவே மகளின் விண்ணப்பம் யாசகமன்று. தன்னிடம் உள்ள வலிமையையும் அமானிதத்தையும் உள்ளபடி சொல்லி, பயிலுவதற்கு ஓர் இடம் கேட்பது மட்டுமே.

எங்கே தேடுவது?

மகளே, இனி உன்னோடு பேசுகிறேன். உம்மாவும் கூடவே வாசிக்கட்டும்.

பயிற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது தேடத் தொடங்காதே. நான்கு, ஐந்து மாதங்களுக்கு முன்பே தொடங்கு. நல்ல இடங்கள் முந்தி வருபவர்களால் நிரம்பிவிடும். பிந்துபவர்கள் கிடைத்த இடத்துக்குப் போவார்கள். வீட்டுக்கு ஒத்துவராத இடத்தைக் கடைசி வாரத்தில் கொண்டுவந்து காட்டினால் வாப்பா மறுப்பதிலும் நியாயம் உண்டு.

முதல் வாசல் உனது பீடம். பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளர் ஒருவர் இருப்பார். முன்னைய வருடங்களில் மாணவர்களை ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் பட்டியல் அவரிடம் இருக்கும். நீ இன்ன பீடத்து மாணவி என்று உறுதிப்படுத்தும் கடிதத்தையும் அங்கேதான் பெற வேண்டும். இரண்டாவது வாசல் பல்கலைக்கழகத்தின் தொழில் வழிகாட்டற் பிரிவு. அங்கே விண்ணப்பம் எழுதவும் நேர்முகப் பரீட்சைக்கு முகங்கொடுக்கவும் சொல்லித்தருவார்கள். காசு வாங்குவதில்லை. ஆனாலும் நம் பிள்ளைகளிற் பலர் அந்தக் கதவைத் தட்டாமலே பட்டம் பெற்று வந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வாசல் உனக்கு முந்திய வகுப்பு ராத்தாமார். எந்த விளம்பரத்தையும் விட இவர்களின் வாய்ச்சொல் பெறுமதியானது. மூன்று விடயங்களைக் கேள். அங்கே உண்மையில் என்ன வேலை கொடுத்தார்கள், போட்டோக் கொப்பி எடுப்பதோடு ஆறு மாதமும் போய்விட்டதா? பெண்பிள்ளைகளை எப்படி நடத்தினார்கள்? மாலையில் எத்தனை மணிக்கு வெளியே விட்டார்கள்? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலை வைத்தே நல்லது கெட்டதைத் தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது, நிறுவனங்கள் பத்திரிகைகளிலும் தமது இணையத்தளங்களிலும் லிங்க்ட்இன் போன்றவற்றிலும் போடும் அறிவித்தல்கள். ஐந்தாவது, அறிவித்தலே போடாத இடங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பயிற்சி என்றால் கொழும்பு என்று யார் சொன்னது? கண்டி, குருநாகல், காலி, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய ஊர்களில் கணக்காய்வு அலுவலகங்கள் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலை, ஆடைத் தொழிற்சாலை, அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம், பிரதேச செயலகம், வைத்தியசாலை நிர்வாகம், விவசாயத் திணைக்கள அலுவலகம் என்று உன் பாடத்துக்குப் பொருந்தும் இடம் பஸ்ஸில் அரை மணித்தியாலத் தூரத்திலேயே இருக்கலாம். பயிலுவதற்கு இடம் உண்டா என்று கேட்டு ஒரு கடிதம் எழுது. பீடம் அந்த இடத்தை ஏற்றுக்கொள்ளுமா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்.

தெரிந்தவர் மூலம் போகலாமா? ஒரு மாமாவோ நானாவோ உன்னை அறிமுகப்படுத்தி வைப்பதில் தவறில்லை. மத்யனிலே நடந்ததும் ஓர் அறிமுகந்தான். ஆனால் தெரிவுசெய்யப்பட்ட இன்னொரு பிள்ளையின் பெயரை வெட்டிவிட்டு உன் பெயரை எழுதச் செய்வது அநீதி. அந்த இடத்தில் பரக்கத் இருக்காது.

விண்ணப்பம்

சுயவிபரக் கோவை ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும். பெயர், தொலைபேசி இலக்கம், ஒழுங்கான ஒரு மின்னஞ்சல் முகவரி, படிப்பு, பெறுபேறு, செய்த வேலைகள், மொழிகள், உன்னைப் பற்றிச் சொல்லக்கூடிய இருவரின் விபரம். கேட்டால் மட்டும் புகைப்படம் வை. அடையாள அட்டை இலக்கம், வாப்பாவின் தொழில் போன்றவற்றை யாரும் கேட்காமல் எழுத வேண்டியதில்லை. வாப்பாவோடு சேர்ந்து பாவிக்கும் தொலைபேசி என்றால், அழைப்பு வரக்கூடும் என்று அவருக்கு முன்பே சொல்லிவை.

அதோடு ஒரு கடிதம். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பாதே. அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று விசாரித்து, நீ ஏன் அங்கே பயில விரும்புகிறாய், எந்தத் திகதியிலிருந்து எத்தனை மாதம், உன்னால் அவர்களுக்கு என்ன உதவி கிடைக்கும் என்பதை நாலைந்து வசனங்களில் எழுது. நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள் என்று எழுதுவதால் யாரும் நம்பப்போவதில்லை. செய்ததை எழுது.

"நான் ஒன்றும் செய்யவில்லையே" என்பாய். உம்மாவிடம் கேட்டுப்பார். லீவில் வீட்டு விறாந்தையில் அயல் பிள்ளைகள் எட்டுப் பேருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாயே, அது கற்பித்தல் அனுபவம். வாப்பாவின் கடைக் கணக்கைக் கொப்பியிலிருந்து எக்ஸெலுக்கு மாற்றிக்கொடுத்தாயே, அது கணக்கு வேலை. முஸ்லிம் மஜ்லிஸ் இஃப்தாருக்கு நூறு பேரின் காசைச் சேர்த்து, செலவு காட்டி, மிச்சத்தை ஒப்படைத்தாயே, அது ஒழுங்கமைப்பும் அமானிதமும். எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று எண்ணோடு எழுது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் செய்யும் வேலைகளை நாமே வேலையாக எண்ணாததால்தான் அவர்களின் கடதாசி வெறுமையாகக் கிடக்கிறது.

ஒன்றை மட்டும் மறவாதே. செய்யாததை எழுதாதே. தெரியாத கம்பியூட்டர் மென்பொருளைத் தெரியும் என்று எழுதியவள் முதல் நாளே தலைகுனிவாள். அதற்கு மேலாக, அது பொய். பொய்யினாற் கிடைத்த இடத்தில் ஹலாலைத் தேட முடியாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்த நம் பிள்ளைகள் பலர் சிங்களம் தெரியாது என்ற பயத்திலேயே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தபோது அவர் அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்தார் என்ற செய்தி திர்மிதீயில் இருக்கிறது. நீ ஆறு மாதம் எடுத்துக்கொள். முதலாம் வருடத்திலேயே தொடங்கு. விடுதியில் உன் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் சிங்களத் தோழியே நல்ல ஆசிரியை. நீ அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடு.

பத்துப் பன்னிரண்டு இடங்களுக்காவது விண்ணப்பி. ஒரு கொப்பியில் கோடுபோட்டு, அனுப்பிய திகதி, நிறுவனம், யாருக்கு அனுப்பினாய், என்ன பதில் என்று குறித்துவை. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மரியாதையாக ஒரு தொலைபேசி அழைப்பு எடு. மறுமொழி வராததை மறுப்பு என்று எண்ணி மனமுடைந்து போகாதே. பல கடிதங்கள் மேசையிலே கிடந்து மறக்கப்படுகின்றன.

நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தால், உன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசப் பழகு. உம்மாவையோ தம்பியையோ முன்னால் இருத்திப் பழகலாம். நிறுவனத்தைப் பற்றி நீ கேட்பதற்கும் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள். ஆண் அதிகாரி கைகொடுக்க நீட்டினால் பதற வேண்டாம். உன் கையை நெஞ்சிலே வைத்துப் புன்முறுவலோடு வணக்கம் சொன்னால் நாகரிகமானவர்கள் விளங்கிக்கொள்வார்கள். உன் ஹிஜாபைப் பற்றி நீயாகப் பேச்செடுக்க வேண்டியதில்லை. அதை அணிந்தே போகிறாய், அவர்கள் காண்கிறார்கள். தெரிவுசெய்யப்பட்ட பிறகு, லுஹர் தொழ பகல் இடைவேளையில் பத்து நிமிடமும் ஒரு மூலையும் வேண்டும் என்று கேள். தயங்காமற் கேட்டால் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும்.

வீட்டார் கேட்க வேண்டியவை

சகோதரிகளே, வாப்பாமார் பயப்படுவது வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கேட்கும் கேள்விகள் சரியானவை. மறுப்பதற்காக மட்டும் கேட்காமல், ஒழுங்கு செய்வதற்காகக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும்? கடைசி பஸ் எத்தனைக்கு? அந்தப் பகுதியில் வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா? தங்குவதென்றால் யார் வீட்டில்? உறவினர் வீட்டில் மஹ்ரமல்லாத ஆண்கள் இருந்தால் தனியறையும் தாழ்ப்பாளும் உண்டா? பெண்கள் விடுதியென்றால் பொறுப்பாக இருக்கும் அம்மாவை நேரிற் கண்டீர்களா? சாப்பாடு எப்படி? அந்நிய ஆணோடு அடைத்த அறையிலே தனித்திருக்க நேராதவாறு வேலை அமைந்திருக்கிறதா? இவற்றை மகளிடம் மட்டும் கேட்காமல், ஒரு நாள் வாப்பாவும் உம்மாவும் மகளோடு அந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். ஒரு நாள் பயணத்தில் ஆறு மாத நிம்மதி கிடைக்கும்.

மஹ்ரமின்றிப் பயணம் செய்வது பற்றிய சட்டத்தில் இமாம்களுக்கிடையே விரிவான கருத்துக்கள் உள்ளன. பர்ளான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களின் துணையோடு செல்லலாம் என்ற கருத்து நம் ஷாபிஈ மத்ஹபின் நூல்களிலேயே உண்டு. கல்விக்கான பயணத்தைப் பற்றி உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும், வாப்பாவோ நானாவோ கொண்டுபோய் விட்டு, கூட்டிவருவதே பேணுதலான வழி.

வட்டியைப் பற்றியும் கேட்கிறார்கள். வட்டியை எழுதுபவரும் சாட்சியாக நிற்பவரும்கூடச் சபிக்கப்பட்டோர் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. எனவே கடன், வட்டிக் கணக்கு எழுதும் பிரிவைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். வங்கித் துறையையே பயில வேண்டிய பிள்ளைக்கு வழி அடைபட்டுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்தின் பின்னர் இஸ்லாமிய வங்கிச் சேவைக்கு நம் நாட்டில் இடம் கிடைத்தது. 2011இலிருந்து அமானா வங்கி அந்த அடிப்படையில் இயங்குகிறது. வேறு சில வங்கிகளும் தனிப் பிரிவுகளை வைத்திருக்கின்றன. கணக்கியல் படிப்பவளுக்கோ தொழிற்சாலை, வைத்தியசாலை, வியாபார நிறுவனம் என்று எத்தனையோ இடங்கள் உண்டு.

எச்சரிக்கைகளும் சில. பயிற்சி இடம் எடுத்துத் தருவதாகக் காசு கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களையும் அடையாள அட்டையையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். பிரதியே போதும். அலுவலகத்துக்கு வெளியே, ஹோட்டலுக்கோ வீட்டுக்கோ நேர்முகத்துக்கு வரச் சொன்னால் போகவே வேண்டாம். காலம், நேரம், கொடுப்பனவு உண்டா இல்லையா என்பவை அடங்கிய கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் கொடுப்பனவே இல்லை. சில இடங்களில் பஸ் காசுக்கும் பகல் சாப்பாட்டுக்குமே போதும். வீட்டார் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

வேலைத்தளத்தில் ஒருவர் சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுத்தால் அது நம் நாட்டின் சட்டப்படி குற்றம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் அது தண்டனைக் கோவையிலே சேர்க்கப்பட்டது. சிறைத் தண்டனையும் உண்டு. 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான உதவிச் சேவை இருக்கிறது. பீடத்தின் பொறுப்பாளரிடமும் உடனே சொல்லலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன் மகள் சொல்ல வேண்டியது உங்களிடம். அவள் வாய் திறந்த உடனே "இதற்குத்தான் போக வேண்டாம் என்றேன்" என்று நீங்கள் சொல்வீர்களானால், அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். சொல்லாமலே தாங்கிக்கொள்வாள். அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. முதலிற் கேளுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள், பின்னர் என்ன செய்வதென்று சேர்ந்து யோசியுங்கள்.

இன்னுமொன்று. சரியாக இந்த ஆறு மாதத்தில்தான் சம்பந்தம் பேசி வருவார்கள். நல்ல இடமென்றால் பேசுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் பயிற்சி முடியட்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துப் பேசுங்கள். ஆறு மாதம் பொறுக்கமுடியாத மாப்பிள்ளை வீடு, வாழ்நாள் முழுதும் எதைப் பொறுக்கப்போகிறது?

போன இடத்தில்

மகளே, இடம் கிடைத்துவிட்டால் அதை அமானிதமாக நினை. நேரத்துக்குப் போ. முதல் வாரம் கோப்பு அடுக்கச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதே. அடுக்கும்போதே ஒவ்வொரு கோப்பிலும் என்ன இருக்கிறதென்று பார். கோப்பு அடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் அந்த அலுவலகத்தின் ஓட்டம் விளங்கும். ஒரு மாதம் கழிந்தும் அதே வேலைதான் என்றால், பொறுப்பாளரிடம் பணிவாகப் போய், இன்ன வேலையையும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்று சொல். அப்படியும் மாறாவிட்டால் பீடத்துக்கு அறிவி.

ஒவ்வொரு நாளும் இன்று என்ன செய்தேன், என்ன கற்றேன் என்று நாலு வரி எழுதிவை. பீடம் கேட்கும் அறிக்கைக்கு அது உதவும். நிறுவனத்தின் இரகசியங்களை வெளியே பேசாதே. அவர்களின் கோப்புகளை அனுமதியின்றி உன் தொலைபேசியில் ஏற்றாதே. ஒரு பேனையும் உன் பையில் வரக்கூடாது. உன்னைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் இன்னொரு முஸ்லிம் பிள்ளையை எடுப்பதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். முடியும் நாளில் நன்றி சொல்லி, செய்த வேலைகளைக் குறிப்பிடும் கடிதமொன்றைக் கேட்டு வாங்கு.

சகோதரிகளே, ஒரு பெண்பிள்ளையைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுவர ஒரு தாய் எத்தனை இரவு விழித்திருந்தாள், எத்தனை நகையை அடகுவைத்தாள் என்பதை நீங்களே அறிவீர்கள். கரை தெரியும் தூரத்தில் துடுப்பை வைத்துவிடாதீர்கள். மகள் முதலாம் வருடத்தில் இருந்தால் இன்றைக்கே கையேட்டைப் பாருங்கள். மூன்றாம் வருடத்தில் இருந்தால் இந்த வாரமே அவளோடு அமர்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதத் தொடங்குங்கள். நிபந்தனைகளைப் போடுங்கள், நீங்களே போய்ப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், பிறகு அனுப்பிவையுங்கள்.

நம் பிள்ளைகளின் அறிவையும் வெட்கத்தையும் உழைப்பையும் ஒருங்கே பாதுகாத்து, அவர்களைக் குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் நாட்டுக்கும் பயனுள்ளவர்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.